நாள் குறித்து வரும் கோளாறு

எக்ஸெலைத் திறந்து ஒரு கட்டத்தில் 15-6-29 என்று அடித்துப் பாருங்கள். 2029 ஜூன் 15 என்று எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே 15-6-30 என்று அடியுங்கள். பல கணினிகளில் அது 1930 ஜூன் 15 ஆகிவிடும். ஓராண்டு முன்னே போக வேண்டிய தேதி, தொண்ணூற்றொன்பது ஆண்டு பின்னே போய் நிற்கிறது. சில கணினிகளில் இந்த எல்லைக்கோடு 2049 வரை தள்ளி வைக்கப்பட்டிருக்கும். நம் கணினியில் கோடு எங்கே இருக்கிறது என்று நம்மில் யாரும் பார்த்து வைத்திருப்பதில்லை. கட்டத்தில் 15-06-30 என்றே தெரிவதால் தப்பு கண்ணிலும் படாது. பக்கத்துக் கட்டத்தில் வட்டிக் கணக்கோ வயதுக் கணக்கோ இருந்தால் அங்கேதான் குட்டு வெளிப்படும். ஐந்தாண்டு வைப்புநிதிப் பட்டியலை எக்ஸெலில் போட்டு வைத்திருக்கும் சிறு நிதி நிறுவனங்களும் சங்கங்களும் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு 2030 ஏற்கெனவே வந்துவிட்டது.

இது தற்செயலாக நேர்ந்த பிழை இல்லை, தெரிந்தே வைத்த விதி. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் வைத்திருந்த கணினிகள் 2000-ஐ 1900 என்று படித்துவிடும் என்பதுதான் ஒய்2கே கோளாறு. 1990-களின் இறுதியில் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஆண்டை இரண்டு இலக்கத்தில் வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்பையும், ஒவ்வொரு திரையையும், ஒவ்வொரு அச்சுப் படிவத்தையும் நான்கு இலக்கத்துக்கு மாற்றுவது முதல் வழி. காசும் பிடிக்கும், காலமும் பிடிக்கும். இரண்டாவது வழியில் பழைய தரவைத் தொடவே வேண்டாம். நிரலில் ஒரு கோடு போட்டு, அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் 2000-க்குப் பிறகு, மேலே இருந்தால் 1900-களில் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஒருவர் 20-இல் கோடு போட்டார், இன்னொருவர் 30-இல், வேறொருவர் 50-இல். ‘அந்த ஆண்டு வருவதற்குள் இந்த நிரலே இருக்காது, வேறு வந்துவிடும்’ என்பது எல்லோரும் சொன்ன சமாதானம். அதற்கு முப்பது ஆண்டுக்கு முன் இரண்டு இலக்கத்தைத் தேர்ந்தவர்கள் சொன்னதும் இதே சமாதானம்தான்.

அந்த முன்னவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு துளை அட்டையில் 80 எழுத்துக்குத்தான் இடம். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கணக்கு எண், தொகை, தேதி எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். எல்லாத் தேதிக்கும் பொதுவாக இருந்த ‘19’ஐ எழுதாமல் விட்டது, அன்றைய நினைவக விலைக்கு, நல்ல சிக்கனம். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பன், 1998-இல் செனட் குழுவின் முன்னால் இதைப் பற்றிப் பேசியபோது, தானும் 1960-களில் அப்படி நிரல் எழுதியவன்தான், ‘19’ஐ விட்டு இடத்தை மிச்சம் பிடித்ததில் பெருமைகூடப் பட்டிருக்கிறேன் என்ற பொருளில் சொன்னார். எச்சரித்தவர்களும் இருந்தார்கள். பாப் பீமர் என்ற கணினி அறிஞர் 1970-களிலேயே எழுதினார். யாரும் காது கொடுக்கவில்லை. 1993-இல் பீட்டர் டி யாகர் ‘கம்ப்யூட்டர்வேர்ல்டு’ இதழில் எழுதிய பிறகே நிறுவனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தன. அதற்குள் வேலை மலையாகக் குவிந்திருந்தது. அமெரிக்கா மட்டும் சுமார் 10,000 கோடி டாலர் செலவிட்டதாக அந்நாட்டு வணிகத் துறை கணக்குச் சொன்னது.

பிறகு அந்த இரவு வந்தது. இந்தியாவில் 1999 டிசம்பர் 31 அன்று எல்லோர் கண்ணும் காந்தஹாரில் இருந்தது. கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகள் விடுவிக்கப்பட்ட நாள் அது. மறுநாள் காலை மின்சாரம் இருந்தது, தொலைபேசி வேலை செய்தது, ஏடிஎம் பணம் தந்தது. ஒரு வாரத்துக்குள் ஊர்ப் பேச்சு மாறிவிட்டது: ‘ஒய்2கே ஒய்2கே என்று பயங்காட்டிப் பணம் பிடுங்கிவிட்டார்கள், கடைசியில் ஒன்றும் ஆகவில்லை.’ இன்றுவரை அதுதான் பொது நினைவு. என் பார்வையில், ஒய்2கே நமக்கு விட்டுச்சென்ற பெரிய சேதம் இந்த நினைவுதான். வருவதாகச் சொன்ன வெள்ளம் கரையைப் பலப்படுத்தியதால் வராமல் போனால், கரை கட்டியவனை ஏமாற்றுக்காரன் என்கிறோம். அடுத்த முறை கரைக்குக் காசு கேட்டு வருபவனுக்கு எந்த இயக்குநர் குழுவும் கையெழுத்துப் போடாது.

ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மையில்லை. சிரிப்புச் செய்திகள் சில உண்டு. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம்தான் அந்த நாட்டின் அதிகாரபூர்வ நேரக் காப்பாளர்களில் ஒன்று. அதன் இணையதளமே அன்று ஆண்டை 19100 என்று காட்டியது. நியூயார்க் மாகாணத்தில் ஒரு வீடியோ கடையில் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவருக்கு, நூறு ஆண்டு தாமதம் என்று 91,250 டாலர் அபராத ரசீது வந்தது. சிரிக்க முடியாதவையும் உண்டு. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தகவலைத் தரையில் வாங்கிப் படிக்கும் அமைப்பு சில நாள் முடங்கியது.

ஆனால் நின்று பார்க்க வேண்டிய இடம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில், கருவிலிருக்கும் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணினி கணக்கிட்டுக் கொண்டிருந்தது. தாயின் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு தாயின் வயதும் அந்தக் கணக்கில் சேரும். வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பதால் வயதுதான் அதில் முக்கியமான எண். 2000 பிறந்ததும் கணினி தாய்மார்களின் வயதைத் தப்பாகக் கணக்கிடத் தொடங்கியது. இயந்திரம் நிற்கவில்லை. திரை கருக்கவில்லை. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. வழக்கம்போல ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு முடிவு அச்சாகி, உறையில் போய்ச் சேர்ந்தது. மே 24 வரை இப்படியே நடந்தது. 154 பெண்களுக்குத் தப்பான முடிவு போயிருந்தது. வாய்ப்பு குறைவு என்று சொல்லப்பட்ட தாய்மார்களில் நான்கு பேருக்கு டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறந்தது. இந்தக் கோளாறின் நேரடி விளைவாக இரண்டு கருக்கலைப்புகள் நடந்தன.

விமானம் விழும், அணு உலை வெடிக்கும் என்று பயந்து காத்திருந்தவர்களின் கண்ணில் இது படவில்லை. தேதிக் கோளாறின் சுபாவமே இதுதான். நொறுங்கி விழும் கணினி பரவாயில்லை. யாராவது ஓடிவந்து பார்ப்பார்கள். தப்பான விடையைச் சரியான எழுத்துருவில் அச்சடித்துத் தரும் கணினியை யாரும் சந்தேகிப்பதில்லை. நிரல் எழுதியவருக்கும் அதை வாங்கிய அதிகாரிக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. உறையைப் பிரித்துப் படித்த பெண்ணுக்குத்தான் நஷ்டம்.

பத்து ஆண்டு கழித்து ஜெர்மனியிலும் இதே கதை. 2010 ஜனவரி 1 முதல் சுமார் 3 கோடி வங்கி அட்டைகள் தகராறு செய்தன. அட்டையிலிருந்த சிப்புக்கு ‘2010’ஐப் படிக்கத் தெரியவில்லை. புத்தாண்டு விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்த ஜெர்மானியர்கள் ஏடிஎம் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சிப்பின் மேல் செலோ டேப்பை ஒட்டிவிட்டால் இயந்திரம் பழைய காந்தப் பட்டையைப் படிக்கும் என்று மக்களே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று வங்கிகள் கெஞ்சின. அதே வாரம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வங்கியில், கடைகளில் அட்டை தேய்க்கும் இயந்திரங்கள் 2009-இலிருந்து ஒரே தாவாக 2016-க்குப் போய்விட்டன. செல்லுபடியான அட்டையெல்லாம் காலாவதி என்று திருப்பி அனுப்பப்பட்டது.

ஏன் 2016? இதைக் கொஞ்சம் விளக்கலாம், சுவாரசியமானது. கணினிக்குள் எண்களைச் சேமிக்கப் பல முறைகள் உண்டு. ஒரு முறையில் ‘10’ என்றால் ஒன்றும் சுழியும் அடுத்தடுத்து நிற்பது, மதிப்பு பத்து. பதினாறை அடிப்படையாகக் கொண்ட முறையில் அதே ‘10’க்கு மதிப்பு பதினாறு. ஒரு நிரல் முதல் முறையில் எழுதி, இன்னொரு நிரல் இரண்டாம் முறையில் படித்தால்? ஒன்று முதல் ஒன்பது வரை இரண்டிலும் மதிப்பு ஒன்றே. ஆகவே 2001 முதல் 2009 வரை ஒரு குறையும் தெரியாது. எத்தனை சோதனை நடத்தியிருந்தாலும் அன்றைய தேதியில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஒன்பது ஆண்டு ஒழுங்காக ஓடிய இயந்திரத்தை யார் சந்தேகிப்பார்கள்?

லீப் ஆண்டின் கதை இன்னும் வெட்கக்கேடு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். 1996 டிசம்பர் 31 நள்ளிரவில் நியூசிலாந்தின் டிவாய் பாயின்ட் அலுமினிய உருக்காலையில் 660 கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒரே நேரத்தில் நின்றன. ஆண்டுக்கு 366-ஆவது நாள் ஒன்று உண்டு என்று நிரலில் எழுதியிருக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் நள்ளிரவு ஆனபோது, அங்கிருந்த பெல் பே உருக்காலையும் அதே நிரலால் அதேபோல நின்றது. உருக்கும் கலங்கள் சூடேறிப் பழுதாகி, நஷ்டம் பத்து லட்சம் நியூசிலாந்து டாலரைத் தாண்டியது. இருபத்தேழு ஆண்டு கழித்து அதே நியூசிலாந்தில், 2024 பிப்ரவரி 29 அன்று, நாடெங்கும் ஆளில்லாப் பெட்ரோல் பங்குகளில் அட்டையால் பணம் கட்ட முடியாமல் பத்து மணி நேரம்போல வண்டிகள் காத்துக் கிடந்தன. அதே நாளில் ஜப்பானில் சில மாகாணங்களில் ஓட்டுநர் உரிமம் அச்சடிக்க முடியவில்லை. 2012-இல் மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் சேவை இதே பிப்ரவரி 29-இல் விழுந்தது. ஒரு சான்றிதழுக்கு ஓராண்டு ஆயுள் தர, ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டி ‘2013 பிப்ரவரி 29’ என்று, இல்லாத நாளை எழுதிக்கொண்டது அந்த நிரல்.

இல்லாத நாள் என்றதும் நினைவுக்கு வருகிறது. எக்ஸெல் கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். 1900 லீப் ஆண்டே இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் அப்படித் தப்பாக வைத்திருந்தது. அதன் கோப்புகளை அப்படியே படிக்க வேண்டும் என்பதற்காக எக்ஸெல் அந்தத் தப்பையும் சீதனமாக வாங்கிக்கொண்டது. இப்போது திருத்தினால் உலகத்தின் கணக்குப் புத்தகங்களில் பாதி ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் யாரும் தொடுவதில்லை.

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை

இவையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமான கோளாறுகள். அடுத்து வரப்போவது பரந்தது. யூனிக்ஸும் அதன் வழிவந்த அமைப்புகளும் நேரத்தை ஆண்டு, மாதம், நாள் என்று வைத்துக்கொள்வதில்லை. உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி கடந்தது என்று ஒரே எண்ணாக வைத்துக்கொள்கின்றன. பழைய வடிவில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் போக, அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. அத்தனை நொடியும் தீரும் நேரம், நம் ஊர்க் கடிகாரத்தில் 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அலுவலகங்கள் திறக்கும் வேளை. அடுத்த நொடியில் அந்த எண் தலைகீழாகி, கணினி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

2038 தொலைவில் இருக்கிறது என்பவர்கள், தேதிக் கோளாறு அந்தத் தேதியில்தான் வரும் என்று நினைக்கிறார்கள். கணினிகள் எதிர்காலத்தைக் கணக்குப் போடுகின்றன. எதிர்காலத்துக்குக் கணக்குப் போடும் நாளிலேயே கோளாறும் வந்துவிடும். 2006 மே மாதம் ஏஓஎல்சர்வர் என்ற இணைய வழங்கி மென்பொருள் ஓடிய கணினிகள் காரணம் புரியாமல் விழத் தொடங்கின. தேடிப் பார்த்தால், ‘இந்த இணைப்பை ஒருபோதும் துண்டிக்க வேண்டாம்’ என்பதற்காக யாரோ 100 கோடி நொடி என்று காலக்கெடு வைத்திருந்தார்கள். 100 கோடி நொடி என்பது முப்பத்தோரு ஆண்டுக்கு மேல். 2006 மே மாதத்தில் அதைக் கூட்டியதும் 2038-ஐத் தாண்டிவிட்டது. இன்று இருபது ஆண்டு வீட்டுக் கடன் வாங்குபவரின் கடைசித் தவணை, இன்று பாலிசி எடுப்பவரின் முதிர்வு நாள், இன்று வேலைக்குச் சேர்பவரின் ஓய்வு நாள், மூன்றும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் இருக்கின்றன. பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இதை ஏற்கெனவே கடந்து வந்திருக்கும். இல்லாவிட்டால் அட்டவணையே அச்சாகாது. சிறிய இடங்களைப் பற்றித்தான் கவலை.

அந்த 32 பிட் எண்ணின் எல்லை தேதியைத் தாண்டியும் கடிக்கும் என்பதற்கு 2022 புத்தாண்டு சாட்சி. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் வழங்கியில் இருந்த வைரஸ் வடிகட்டி, தன் பதிப்பு எண்ணைத் தேதியை வைத்து எழுதி வந்தது: ஆண்டு, மாதம், நாள், பிறகு வரிசை எண். 2022 பிறந்ததும் அது 2,20,10,10,001 ஆனது. மேலே சொன்ன 214 கோடியைக் காட்டிலும் அது பெரிது. உலகமெங்கும் அலுவலகங்களில் அஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. புத்தாண்டு விடுமுறையில் இருந்த கணினிப் பராமரிப்பாளர்கள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஓடினார்கள்.

நல்ல செய்தியையும் சொல்லிவிட வேண்டும். 64 பிட்டுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை பல ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு இல்லை. இன்றைய கைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் இருப்பது 64 பிட்டுதான். 32 பிட் கருவிகளுக்கும் வழி செய்து, லினக்ஸ் கருநிரலின் 5.6 பதிப்பு 2020-இல் வந்தது. ஆகவே உங்கள் கையிலிருக்கும் போனைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. எப்படியும் அது 2038 வரை உழைக்கப் போவதில்லை.

உழைக்கப் போகிறவை வேறு. சுவருக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருப்பவை. அடுக்குமாடியின் லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பலகை, ஆலையின் கொதிகலன், நீரேற்று நிலையத்தின் மோட்டார் இயக்கி, மருத்துவமனையின் ஸ்கேன் கருவி, வாசலில் விரல் வைத்து வருகை பதியும் பெட்டி. கோவைப் பட்டறையிலும் திருப்பூர் ஆலையிலும் வெளிநாட்டில் பத்தாண்டு ஓடிக் கழித்த இயந்திரத்தை வாங்கி இன்னும் பதினைந்து ஆண்டு ஓட்டுவது நம் திறமை. அதன் மூளைக்குள் என்ன பதிப்பு இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது, செய்த நிறுவனம் சில சமயம் உயிரோடும் இருக்காது. அங்கே மெக்கானிக் என்ன செய்வார் என்பது எனக்கு இப்போதே தெரியும். தேதியைப் பின்னால் தள்ளி வைப்பார். 2010-இன் நாட்காட்டியும் 2038-இன் நாட்காட்டியும் கிழமை மாறாமல் அச்சு அசல் ஒன்றே. இயந்திரத்தில் 2010 என்று வைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே வரும். ஒய்2கே சமயத்திலும் பழைய வீடியோ ரிக்கார்டரில் இதே கணக்குப்படி 1972 என்று வைத்துச் சமாளித்தவர்கள் உண்டு. தனியாக ஓடும் தறிக்கு இது போதும். பில் போடும் இயந்திரத்துக்கோ மருந்தின் காலாவதியைப் பார்க்கும் கருவிக்கோ போதாது.

மென்பொருளிலும் ஒரு மூலை இருட்டாகவே இருக்கிறது. சிறு கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எனப் பலரும் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘டைம்ஸ்டாம்ப்’ என்றொரு தேதி வகை உண்டு. அதன் எல்லை 2038 ஜனவரி 19 வரைதான் என்று அதன் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஒளிவு மறைவு எதுவும் இல்லை. ஆனாலும் மூன்று மாதத்தில் இணையதளம் செய்து தருகிறேன் என்று ஒப்பந்தம் எடுப்பவர், கையில் கிடைத்த வகையைப் போட்டுவிட்டுப் போகிறார். நான் அவரையும் குறை சொல்லமாட்டேன். அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

சென்னைக்கு இதில் பங்கு உண்டு

ஒய்2கே உலகத்துக்குக் கண்டம், நமக்குக் கல்யாணம். 1990-களின் பிற்பாதியில் சென்னையின் பெரிய சாலைகளில் கணினிப் பயிற்சி நிலையப் பலகைகளில் கோபோல், மெயின்ஃபிரேம் என்ற சொற்கள் முளைத்தன. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் காலாவதி என்று ஒதுக்கிய கோபோல் மொழியை நம் பிள்ளைகள் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டு விமானம் ஏறினார்கள். அமெரிக்கா 1998-இல் எச்1பி விசாவின் ஆண்டு உச்சவரம்பை 65,000-இலிருந்து 1,15,000 ஆக உயர்த்தியபோது, அதற்குக் காரணமான ஆள் தட்டுப்பாட்டில் ஒய்2கே வேலைக்கும் பங்கு இருந்தது. 1994-இல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள் வளர்ந்த காலமும் இதுதான். லட்சக்கணக்கான வரிகளைப் படித்து, தேதி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் சலிப்பான வேலை அது. அந்தச் சலிப்பான வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் அடுத்த வேலையும், அதற்கடுத்த வேலையும் நம்மிடம் வந்தன. பழைய மகாபலிபுரம் சாலையின் அடித்தளத்தில் இரண்டு இலக்கத் தேதி கொஞ்சம் கலந்திருக்கிறது என்றால் மிகையில்லை.

அந்தத் தலைமுறை இப்போது ஐம்பதைத் தாண்டி ஓய்வை நெருங்குகிறது. எந்த நிரலில் எந்த எண்ணில் கோடு போட்டோம் என்று நினைவு வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். 2038-க்கு அவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்தில் இருக்கமாட்டார்கள்.

அரசு செய்யக்கூடியது பெரிய காரியம் எதுவுமில்லை, அதனால்தான் அது நடக்காமலேயே போய்விடுமோ என்று தோன்றுகிறது. 1999-இல் மத்திய அரசு ஒய்2கே-க்கு ஒரு தேசியப் பணிக்குழு வைத்திருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 36-ஆவது பிரிவிலேயே ஒரு தனி உட்பிரிவு சேர்த்தது: 1999 ஏப்ரல் 1 முதல் 2000 மார்ச் 31 வரை, இருக்கிற கணினியை ஒய்2கே-க்குத் தயாராக்கச் செய்த செலவை அந்த ஆண்டின் வருமானத்தில் முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். நல்ல யோசனை. ஆனால் சலுகை வந்தது கடைசி ஒன்பது மாதத்தில். சிறு தொழில் நடத்துபவர் கடைசி ஒன்பது மாதத்தில் ஆள் தேடினால் கிடைப்பது அரைகுறை ஆளும் இரட்டைக் கூலியும்தான். அதே சலுகையை 2038-க்காக இப்போதே தொடங்கி, பத்தாண்டு நீட்டி வைத்தால், ஒரு முறை இயந்திரம் மாற்றும்போது அதோடு சேர்த்து இதையும் முடித்துக்கொள்வார்கள். அரசுக்கு வருமான இழப்பும் ஆண்டுக்கு ஆண்டு சிறிதாகவே இருக்கும்.

அதைவிட அவசரம் கொள்முதல். நாடெங்கும் 25 கோடி ஸ்மார்ட் மின் மீட்டர்கள் பொருத்தும் திட்டம் நடக்கிறது. மீட்டர் என்பது பத்துப் பதினைந்து ஆண்டு சுவரில் தொங்கும் பொருள். நேரத்தை வைத்துக் கட்டணம் போடும் பொருளும்கூட. அவற்றில் கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா என்று ஒப்பந்தப் புள்ளியில் கேட்டிருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. பேருந்து டிக்கெட் கருவி, சிக்னல் கட்டுப்பாடு, குடிநீர் வாரிய உணரி, அரசு மருத்துவமனைக் கருவி என எதை வாங்கினாலும் இதே கேள்வி பொருந்தும். நியூயார்க் நகரம் இதன் விலையை 2020-இல் கொடுத்தது. அங்கே வண்டி நிறுத்துமிடக் கட்டணக் கருவிகளில் அட்டைப் பணம் வாங்கும் மென்பொருளுக்கு 2020 ஜனவரி 1 கடைசி நாள் என்று உள்ளேயே எழுதியிருந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை. புத்தாண்டன்று அட்டைகளைக் கருவிகள் துப்பின. ஊழியர்கள் தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு கருவியையும் கையால் திறந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. நகரின் ஐந்து பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான கருவிகள்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியது மூன்றே வரி. இந்தக் கருவியும் இதனோடு வரும் மென்பொருளும் 2038 ஜனவரி 19-க்கு முன்னும் பின்னும், எல்லா பிப்ரவரி 29-களிலும் சரியாக இயங்கும் என்று விற்பவர் எழுத்தில் தர வேண்டும். ஒப்படைக்கும் நாளில் தேதியை முன்னே தள்ளி வாங்குபவர் கண் எதிரே ஓட்டிக்காட்ட வேண்டும். தவறினால் மாற்றித் தருவது அவர் செலவு. 1999-இல் கணினிப் பெட்டியின் மேல் ‘ஒய்2கே கம்ப்ளையன்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற அதே வியாபாரிகள்தான் இவர்கள். கேட்டால் தருவார்கள்.

சொந்தக் கடை, சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்கள் இதற்காக யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வரும் ஆளிடம் இந்த வருஷமே கேட்டுவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஓடிக்கொண்டிருக்கும் பில்லிங் கணினியில் தேதியை 2038-க்குத் தள்ளிப் பார்க்காதீர்கள். உரிமங்கள் காலாவதியாகும், பேக்கப் பழசை அழிக்கும், அன்றைய பில்லெல்லாம் அந்தத் தேதியில் போய் உட்காரும், ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. தரவை வேறொரு பழைய கணினிக்கு நகல் எடுத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு, அதில் தள்ளிப் பாருங்கள்.